காற்றும் கப்பலும் நம் பிள்ளைகளும்

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், பங்குப் பள்ளி ஆசிரியர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

 எங்கள் தலைப்பை ஒலிபெருக்கியில் படித்தபோது பின்வரிசையில் சிலர் சிரித்தது எங்கள் காதிலும் விழுந்தது. "கடலே இல்லாத கொங்கு நாட்டில் கப்பலைப் பற்றி என்ன பேச்சு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையை எங்களுக்குக் கற்றுக் கொடுத்தவள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. அந்தக் கதையிலிருந்தே தொடங்குகிறோம்.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை, புத்தகப் பை இல்லாமல், பல்லடத்திற்குத் தெற்கே உள்ள ஒரு காற்றாலைக்கு அழைத்துச் சென்றோம். ஊரார் அதைக் காத்தாடி என்றே சொல்லுவார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியின் பொருளை அன்று பிள்ளைகள் உடம்பாலேயே உணர்ந்தார்கள். தொப்பிகள் பறந்தன, கையில் வைத்திருந்த காகிதக் காற்றாடிகள் கிழிந்தன, டீச்சர்மாரின் சேலை முந்தானை சொன்னபடி கேட்கவில்லை.

"இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது?" என்று நாங்கள் கேட்டோம். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் "தென்மேற்குப் பருவக்காற்று" என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னார்கள். திசையைக் கை நீட்டிக் காட்டச் சொன்னபோது ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். அப்போது வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் முன்னால் வந்தான். "பாலக்காட்டுக் கணவாயில இருந்து வருதுங்க டீச்சர். சித்திரை கழிஞ்சா மேக்கால இருந்துதான் அடிக்கும்னு எங்க அப்பாரு சொல்லுவாருங்க. அதுக்குத் தகுந்தாப்பலதான் பட்டிக்குப் படல் கட்டுவோம்" என்றான். ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பிள்ளை அவன். அறிவியலில் அவன் தேறாதவன் என்று எங்கள் மதிப்பெண் புத்தகம் சொல்லுகிறது. தவறு யாருடையது என்று அன்றிரவு எங்களில் சிலருக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பையன் சொன்னது முற்றிலும் சரி. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்திற்கு இயற்கை திறந்து வைத்த வாசல் பாலக்காட்டுக் கணவாய். மலை மறிக்கும் காற்றெல்லாம் அந்த வாசலில் நெருக்கிக் கொண்டு நுழைவதால்தான் வைகாசி முதல் புரட்டாசி வரை பல்லடம், உடுமலை, பூளவாடி, கேத்தனூர் வட்டாரங்களில் காற்றாலைகள் இடைவிடாமல் சுழல்கின்றன. நம் பகுதி நூற்பாலைகள் பலவற்றின் கதிர்கள் இந்தக் காற்றின் பலத்தாலும் சுழல்கின்றன.

இதைச் சொல்லி முடித்தபோதுதான் அந்தச் சிறுமி கேட்டாள்: "டீச்சர், மில்லைக் காத்து ஓட்டுதுங்க, சரி. எங்கம்மா செக்கிங் பண்ற பனியனை ஏத்திட்டுப் போற கப்பலை எதுங்க ஓட்டுது?"

"டீசல்" என்று சொல்லிவிட்டோம். திரும்பி வந்து விசாரித்தபோது அது பெரும்பாலும் தவறான விடை என்று தெரிந்தது. மாணவருக்குத் தவறாகச் சொல்லிக் கொடுத்த ஆசிரியர், அதைச் சபையிலே திருத்துவதுதான் முறை. எனவே இந்த உரையின் முதற்பாதி, அந்தச் சிறுமிக்கு நாங்கள் பட்டிருந்த கடன்.

நம் வீட்டுப் பெண்கள் மடித்துப் பெட்டியில் அடுக்கும் பனியன், திருப்பூரிலிருந்து லாரியில் கிளம்பி, தாராபுரம், திண்டுக்கல், மதுரை வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓடித் தூத்துக்குடித் துறைமுகத்தை அடைகிறது. ஒரு பகுதி கொச்சிக்கும் போகிறது. பெரும்பாலான கன்டெய்னர்கள் சிறிய கப்பலில் கொழும்புக்குச் சென்று, அங்கே பெருங்கப்பலுக்கு மாறி, ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ச் சேருகின்றன. உலக வாணிபச் சரக்கில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல் வழியாகவே செல்கிறது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் நகர்த்த லாரியையும் விமானத்தையும் விடக் கப்பலுக்கு மிகக் குறைந்த எரிபொருளே செலவாகிறது. ஆகவே கப்பலை வேண்டாம் என்பவர் எவருமில்லை. அது எதை எரிக்கிறது என்பதே கேள்வி.

மில்களில் பாய்லர் வைத்திருந்தவர்களுக்குப் பர்னஸ் ஆயில் தெரியும். கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாம் வடித்து எடுத்த பிறகு அடியில் மிஞ்சும் தார் போன்ற கசடு அது. சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். பெருங்கப்பல்களில் மிகப் பலவற்றின் உணவு அதுவே. கந்தகம் மிகுந்த அதன் புகையை முதலில் சுவாசிக்கிறவர்கள் கப்பல் தொழிலாளரும் துறைமுகத்தை ஒட்டி வாழும் ஏழை மக்களும்தான். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து, கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் அளவு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்திற்குக் குறைய வேண்டும் என்று விதித்தது. புகையைக் கழுவும் கருவி பொருத்திய கப்பல்கள் மட்டும் பழைய எண்ணெயையே எரிக்கலாம். இது நல்ல மாற்றமே. ஆனால் கந்தகத்தைக் குறைத்தால் கரியமில வாயு குறைந்துவிடாது. அதே அமைப்பின் கணக்குப்படி, 2018ஆம் ஆண்டில் மனிதர் வெளியிட்ட வெப்பமூட்டும் வாயுக்களில் 2.89 சதவீதம் கப்பல்களிலிருந்து வந்தது. சிறு எண்ணாகத் தோன்றலாம். ஆனால் நாட்டுக்கு நாடு கணக்கெடுக்கும்போது, நடுக்கடலில் ஓடும் கப்பலின் புகை எந்த நாட்டின் கணக்கிலும் சேருவதில்லை. யாருடைய பொறுப்பும் இல்லாத குப்பையே அதிகம் சேரும். இது தெருவுக்கும் பொருந்தும், கடலுக்கும் பொருந்தும்.

கொங்கு மக்களாகிய நமக்கு இது தெரியாத பாடமன்று. நொய்யல் ஆற்றை நினைத்துப் பாருங்கள். பனியன் தொழில் செழித்த ஆண்டுகளில் சாயக் கழிவை ஆற்றில் விட்டோம். உழவருக்கு நீர் தருவதற்கென்று 1990களின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயநீர் தேங்கும் குட்டையாயிற்று. கீழே இருந்த உழவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காடினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அன்று வேலையிழந்து ஊர் திரும்பிய குடும்பங்கள் இந்தப் பந்தலிலும் இருக்கின்றன. ஆற்றுக்குச் செலுத்த வேண்டிய விலையை நாம் நேரத்தில் செலுத்தவில்லை. பிறகு வட்டியும் முதலுமாகச் செலுத்தினோம். கழிவுநீரைச் சொட்டு விடாமல் சுத்திகரிக்கும் முறை அதன்பிறகே ஊன்றி நின்றது.

கப்பல் விஷயத்திலும் அந்த விலைச்சீட்டு வரத் தொடங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 முதல் தன் துறைமுகங்களுக்கு வரும் பெருங்கப்பல்களின் கரியமில வாயுவுக்குக் கட்டணம் விதிக்கிறது. 2025 முதல் எரிபொருளின் தரத்திற்கும் விதிமுறை வகுத்திருக்கிறது. 2050ஐ ஒட்டிய காலத்திற்குள் கப்பல்களின் நிகர வெளியீட்டைப் பூச்சியமாக்குவதென்று 2023 ஜூலையில் உலக நாடுகள் லண்டனில் ஒப்புக்கொண்டன. அதை நடைமுறைப்படுத்தும் சட்டத்திற்கான வாக்கெடுப்பு, நாடுகளிடையே கருத்து வேற்றுமையால், 2025 அக்டோபரில் ஓராண்டு தள்ளி வைக்கப்பட்டது. தள்ளி வைத்தாலும் தீர்ந்துவிடாது. அந்தச் செலவில் ஒரு பங்கு ஒரு நாள் நம் செக்கிங் மேசை வரைக்கும் வந்து சேரும்.

அப்படியானால் வழி என்ன? இன்று மூன்று வழிகள் கண்முன் இருக்கின்றன.

முதல் வழி, நிதானம். கப்பல் தன் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், எஞ்சினுக்கு வேண்டிய சக்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. பயணம் சற்று நீளும். ஆனாலும் எண்ணெய் மிச்சம். நிதானமே பிரதானம் என்று நம் பெரியோர் சொன்னது கடலிலும் செல்லும்.

இரண்டாவது வழி, பழைய நண்பனாகிய காற்று. தூத்துக்குடித் தோணிகள் தலைமுறை தலைமுறையாகப் பாய் விரித்துத்தான் கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்றன. எஞ்சின் அவற்றில் ஏறியது அண்மைக் காலத்தில்தான். இப்போது பெருங்கப்பல்களே பாயைத் திரும்பத் தேடுகின்றன. 2023 ஆகஸ்டில் 'பிக்ஸிஸ் ஓஷன்' என்ற சரக்குக் கப்பல், ஒவ்வொன்றும் 37.5 மீட்டர் உயரமுள்ள இரண்டு இறக்கைகளை நிமிர்த்திக் கொண்டு கிளம்பியது. ஆறு மாதச் சோதனையில் நாளொன்றுக்குச் சராசரி 3 டன் எண்ணெய் மிச்சமாயிற்று என்று அதை ஓட்டியவர்கள் அறிவித்தார்கள்.

மூன்றாவது வழி, புதிய எரிபொருள். தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் பிரியும். இதை ஒரு சிறு பேட்டரியும் இரண்டு பென்சிலும் கொண்டு வகுப்பிலேயே காட்டலாம், காட்டினோம். அந்த மின்சாரம் காற்றிலிருந்தோ வெயிலிலிருந்தோ வந்தால், அதைப் பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள். அதிலிருந்து மெத்தனாலும் அம்மோனியாவும் செய்து கப்பலை ஓட்டலாம். மெத்தனாலில் ஓடக்கூடிய முதல் கன்டெய்னர் கப்பலாகிய 'லாரா மேர்ஸ்க்' 2023 செப்டம்பரில் கோபன்ஹேகனில் பெயர் சூட்டப்பட்டது. குறைகளையும் மறைக்கக் கூடாது. மெத்தனால் குடித்தால் கண்ணைப் பறிக்கும் நஞ்சு. அம்மோனியா மூச்சை அடைக்கும். ஒரு கிலோ மெத்தனாலில் எண்ணெயின் சக்தியில் பாதிதான் உண்டு; தொட்டி பெரிதாக வேண்டும்; விலையும் கூடுதல். ஆனாலும் பாதை திறந்திருக்கிறது.

அந்தப் பாதையில் ஒரு படி நம் தமிழ் மண்ணிலேயே கட்டப்படுகிறது. தூத்துக்குடியில் உள்ள வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பர் 5ஆம் நாள், பசுமை ஹைட்ரஜன் செய்யும் முன்னோட்ட நிலையம் திறக்கப்பட்டது. மணிக்கு 10 கன மீட்டர் அளவே. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும் மின் வண்டிகளுக்கும் அதிலிருந்து சக்தி கிடைக்கிறது. கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்ப 750 கன மீட்டர் கொள்ளளவுள்ள நிலையத்திற்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. சிறியதுதான். ஆனால் 1986ல் இந்தியாவின் முதற் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று அதே தூத்துக்குடியில் நிறுவப்பட்டபோது, ஒரு காற்றாலையின் திறன் வெறும் 55 கிலோவாட். இன்று 2,000 கிலோவாட்டுக்கு மேற்பட்டவை நிற்கின்றன. அவற்றின் நீண்ட இறகுகள் அதே துறைமுகத்தின் வழியே வெளிநாடு செல்கின்றன. சிறிதென்று எதையும் இகழ வேண்டியதில்லை.

செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். அது வ.உ.சி. அவர்கள் பிறந்த நாளுமாகும். 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, வெள்ளையர் கம்பெனிக்குப் போட்டியாகத் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட அந்தப் பெருமகன், 1908ல் தண்டனை பெற்று எங்கே கொண்டுவரப்பட்டார்? நம் கோயமுத்தூர்ச் சிறைக்குத்தான். இங்கேதான் மாட்டைப் போல அவரைச் செக்கிழுக்க வைத்தார்கள். கடலில் கப்பல் ஓட்டியவர், கடலில்லாத நம் ஊரில் செக்கைச் சுற்றி வந்தார். அந்தச் செக்கு கோவைச் சிறையில் இன்றும் போற்றிப் பாதுகாக்கப்படுகிறது. கொங்கு நாட்டுக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட பெரியவருக்கு இதுவும் ஒரு விடை.

இனி உரையின் இரண்டாம் பாதிக்கு வருகிறோம். இது உங்களிடம் நாங்கள் வைக்கும் விண்ணப்பம்.

இவ்வளவையும் நாங்கள் கற்றது ஒரு பிள்ளையின் கேள்வியால். அந்தக் கேள்வி நான்கு சுவருக்குள் பிறந்திருக்காது. காற்று முகத்தில் அறைந்த இடத்தில்தான் பிறந்தது. தாகூர் 1901ல் சாந்திநிகேதனில் மரநிழலில் பள்ளி தொடங்கியதற்கும் இதுவே காரணம். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பத்து நாட்கள் பையில்லாப் படிப்பைப் பரிந்துரைக்கிறது. அந்தக் கொள்கையின் பிற பகுதிகளைப் பற்றி எவருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், இதை மறுப்பவர் குறைவு.

ஆனால் நம் பள்ளியில் நடந்தது என்ன? அந்த உலாவுக்குப் பிறகு சில பெற்றோர் எங்களிடம் வருத்தப்பட்டார்கள். "பரீட்சை நேரத்தில் ஊர் சுற்றக் கூட்டிப் போகிறீர்களே" என்றார் ஒருவர். "வேன் வாடகைக்குக் கேட்ட பணம் எங்களுக்கு அரை நாள் கூலிங்க" என்றார் ஒரு தாய். முதலாமவருக்கு எங்கள் பதில்: அந்தப் பிள்ளைகள் காற்றைப் பற்றிய பாடத்தை அதன்பிறகு மறக்கவில்லை. ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன் இப்போது வகுப்பில் கை தூக்குகிறான். இரண்டாமவருக்கு எங்களிடம் பதில் இல்லை. அவர் சொன்னது உண்மை. கூலியைக் கொடுத்துக் கல்வி உலா வாங்கும் நிலையில் எந்தத் தாயையும் வைக்கக் கூடாது. பணம் கட்ட முடியாததால் அன்று நான்கு பிள்ளைகள் வரவில்லை என்பதை வெட்கத்துடன் இங்கே ஒப்புக்கொள்கிறோம். அதனால்தான் இந்த ஆண்டு உலாவை இன்னும் அறிவிக்காமல் இருக்கிறோம்.

ஆகவே பொன்விழாவின் நினைவாக மூன்று உலாக்களை இந்தப் பங்கு ஏற்று நடத்த வேண்டுகிறோம். முதலாவது, ஆடியில் காற்றாலை. இரண்டாவது, நொய்யல், மேலே சிறுவாணி மலையடிவாரத்தில் தெளிந்த ஓடையையும், கீழே ஒரத்துப்பாளையத்தையும் ஒரே நாளில் பிள்ளைகள் காண வேண்டும், இரண்டு பாட்டில் தண்ணீரை எடுத்து அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தூத்துக்குடி. அங்கேயுள்ள கடற்கரைப் பங்கு ஒன்றோடு பேசினால், அந்த ஊர்ப் பிள்ளைகள் நம் பிள்ளைகளுக்குத் துறைமுகத்தைக் காட்டுவார்கள். நம் பிள்ளைகள் அவர்களை அழைத்து வந்து தறியையும் தையல் மேசையையும் காட்டுவார்கள். பனியனைத் தைத்த வீட்டுப் பிள்ளையும், அதை ஏற்றிச் செல்லும் கப்பலின் புகையைச் சுவாசிக்கும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அதைவிடப் பெரிய பாடம் எங்களுக்குத் தெரியவில்லை.

இவற்றுக்கு ஒழுங்கும் வேண்டும். இருபது பிள்ளைகளுக்கு இரண்டு பெரியவர் துணை. ஆற்றோரத்தில் இறங்க அனுமதி இல்லை. காற்றாலைக்கும் துறைமுகத்திற்கும் முன்கூட்டியே எழுத்து மூலம் அனுமதி. பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை உள்ள இடத்தில் மட்டுமே நிறுத்தம். போகுமுன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி எழுதிக் கொண்டு வர வேண்டும். வந்தபின் அதன் விடையை வீட்டில் பாட்டி தாத்தாவுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும்.

செலவு? பொன்விழா நிதியில் முகப்பு வளைவு கட்டுவதாக ஒரு யோசனை இருப்பதை அறிவோம். வளைவு அழகானதுதான், நாங்கள் எதிர்க்கவில்லை. வளைவின் உயரத்தில் இரண்டடி குறைந்தால், அந்தப் பணத்தில் எந்தப் பிள்ளையும் விடுபடாமல் சில ஆண்டுகள் உலா நடத்தலாம் என்று மட்டும் பணிவுடன் சொல்லுகிறோம். வளைவின் வழியாக உள்ளே வருகிறவர்கள் நாம். வெளியே போய் உலகைப் பார்க்க வேண்டியவர்கள் நம் பிள்ளைகள்.

இந்தப் பந்தலில் இருக்கும் ஏதோ ஒரு பிள்ளை நாளை கப்பல் எஞ்சினியராகலாம். இல்லை, பனியன் கம்பெனியில் மேஸ்திரியாகலாம். இரண்டும் மதிப்புள்ள வேலைகளே. எந்த வேலையில் இருந்தாலும், "இது எதனால் ஓடுகிறது, இதன் புகை யார் வீட்டுக்குப் போகிறது?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். நொய்யலை இழந்த நாளில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே மிகக் குறைவாக இருந்தார்கள்.

அந்தச் சிறுமி இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். பெயர் சொல்லி அவளைக் கூச்சப்படுத்த மாட்டோம். கண்ணு, அன்று நாங்கள் சொன்ன விடை தவறு. இன்று சொன்னது எங்களுக்குத் தெரிந்தவரை சரி. மீதி விடையை நீங்கள் வளர்ந்து எங்களுக்குச் சொல்ல வேண்டும்.